ஆற விடாத கால்

தம்பி,

இன்று காலை அஸ்தம்பட்டியில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஏற்காடு சாலையில் பஸ் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். முகப்பு நசுங்கிய லாரி ஒன்றைச் சங்கிலியில் மாட்டி, இன்னொரு வண்டி மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போனது. இழுக்கிற வண்டியின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் 'ரெக்கவரி' என்று எழுதியிருந்தது. கருகின கிரீஸ் வாடை பஸ்ஸுக்குள் வரை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. அது நம் வீட்டு வாசலில் வருஷக்கணக்காகக் கிடந்த வாடை.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. அதை மட்டும் சொல்லிவிட்டால் போதும்தான். ஆனால் வீட்டு வரவு செலவுக் கணக்கு எழுதுகிறவள் புத்தி, நடுவில் தொடங்கினால் எனக்குக் கூட்டல் வராது. முதலில் இருந்தே வருகிறேன்.

உங்கள் அண்ணனுக்கு அஸ்தம்பட்டியில் ஆபீஸ் வேலை. நாம் இருந்தது கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில். வீட்டை ஒட்டியே உங்கள் பட்டறை. ஏற்காட்டு வளைவுகளில் நின்றுபோன வண்டிகளை, நெற்றியில் இதே 'ரெக்கவரி' என்று எழுதின உங்கள் பழைய லாரியில் கட்டி இறக்கிக்கொண்டு வருவீர்கள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "எனக்குத்தான் மரகதம் இருக்குதுங்களே அண்ணி" என்று எழுந்து போய்விடுவீர்கள். மரகதம் எங்கள் மகள், உங்களுக்கும் மகள். அவளை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எப்போதும் சாமிதான். பூஜை அறையில் நான் கும்பிடுகிற சாமி ஒன்று, பட்டறை வாசலில் நீங்கள் கூப்பிடுகிற சாமி ஒன்று.

அவள் படித்த பள்ளிக்கூடத்தில் செம்மண்ணைக் கெட்டித்துப் போட்ட டென்னிஸ் கோர்ட் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் நம் பக்கத்துப் பெண் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டமா அது? மலையாள தேசத்தில் இருந்து வந்திருந்த விளையாட்டு டீச்சர்தான் இவளைப் பிடித்து இழுத்து விட்டார். ஒரு நாள் நம்மைக் கூப்பிட்டு அனுப்பினார். உங்கள் அண்ணனுக்கு ஆபீசில் தணிக்கை. நீங்களும் நானும்தான் போனோம். நீங்கள் கையில் இருந்த கிரீஸை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தீர்கள்.

"கையில ஆட்டம் இருக்கு. கால்ல பலம் இல்லை" என்றார் டீச்சர். "பந்தை அடிக்கிறது கைன்னு நினைக்கிறீங்க. இல்லை. கால் தரையை உதைக்கிறது, அந்த உதைதான் இடுப்பு வழியா, தோள் வழியா பந்துக்குப் போகுது. அப்புறம், அடிச்சுட்டு நின்னு வேடிக்கை பார்க்கிறா. அடிச்ச உடனே நடுவுக்குத் திரும்பணும். அதுக்குப் பேர் ரெக்கவரி."

நீங்கள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தீர்கள். "அட, நம்ம தொழிலுங்க டீச்சர்! போறது, மாட்டறது, கொண்டாந்து நிறுத்தறது. இதுக்கா இத்தன ரோசன பண்றீங்க?"

டீச்சரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு அந்த வார்த்தை நம் வீட்டுக்குள் வந்தது.

மறுநாளே பட்டறை முற்றத்தில் பழைய டயர்களை வட்டமாகப் போட்டீர்கள். நடுவில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி. "முன்னால" என்று நீங்கள் சொன்னால் முன்னால் இருக்கிற டயரைத் தொட்டுவிட்டு நடுவுக்கு வர வேண்டும். "எடக்கை" என்றால் இடப்பக்கம். நடுவுக்கு வந்ததும் ஒரு சின்னத் துள்ளல், அடுத்த பக்கம் பாயத் தயாராக. அது டீச்சர் சொல்லிக் கொடுத்தது. டயர் மேல் ஏறிக் குதிக்க விட்டது உங்கள் யோசனை. விடியலில் மலைப்பாதையில் முதல் வளைவு வரை ஓட்டம். நீங்கள் சைக்கிளில் பின்னால் மிதித்துக்கொண்டே, "இன்னும் ஒண்ணு சாமி, இன்னும் ஒண்ணு" என்று கத்துவது, கோலம் போடுகிற எனக்கு வாசலில் கேட்கும்.

எதிர் வீட்டு அம்மாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பாள்: "ஏனுங்க, புள்ளைய லாரிக்குப் பதுலா வண்டி இழுக்க உடப் போறீங்களா?"

"ஆமாங்க. டீசல் மிச்சம் பாருங்க" என்பீர்கள் நீங்கள்.

உங்கள் அண்ணன் இதில் தலையிட மாட்டார். செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து, "முட்டிக்கு மருந்து வாங்கற செலவ அவன்கிட்டயே வாங்கிக்க" என்பதோடு சரி.

ஆனால் பிள்ளையின் கால் மாறியது, தம்பி. கண்ணெதிரே மாறியது. கோர்ட்டின் மூலைக்கு ஓடிப் பந்தை எடுத்து அடித்துவிட்டு, எதிராளி நிமிர்வதற்குள் நடுவில் நின்றாள். சேலத்துப் பிள்ளைகளுக்குள் நடந்த போட்டியில், உயரமும் வயசும் கூடின ஒரு பெண்ணை ஓட விட்டே ஜெயித்தாள். ஆட்டம் முடிந்ததும் அவள் கோப்பையைப் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே நின்ற உங்களைப் பார்த்துத்தான் ராக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள். அப்போதுதான் மெட்ராஸில் நடக்கிற பெரிய போட்டிக்கு அவள் பெயரை அனுப்பினார்கள். அதில் நன்றாக ஆடினால் அங்கேயே தங்கிப் படிக்கவும் பழகவும் இடம் கிடைக்கும் என்றார்கள். நம் சாதி சனத்தில் பத்தாம் வகுப்போடு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலம் அது. அந்தப் போட்டி அவளுக்கு ஒரு வாசல். அவளையும் சேர்த்து நம் மூவருக்கும் அது தெரிந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் அவள் முன்னங்காலில் வலி என்றாள். முழங்காலுக்குக் கீழே, எலும்போடு ஒட்டின மாதிரி. நான் நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினேன். டீச்சரிடமும் சொல்லி அனுப்பினேன்.

டீச்சருக்கு ஊரில் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்திருந்தது. ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், கையில் பெட்டியோடு பள்ளிக்கூட வாசலில் நின்றபடி உங்களிடம் பேசினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"இவ காலைப் பார்த்தேன். நான் வர்ற வரைக்கும் இவளுக்கு ரெக்கவரி மட்டும்தான். வேற ஒண்ணுமே வேண்டாம். மலை ஏறறது வேண்டாம், ராக்கெட்டைக் கூடத் தொட வேண்டாம். ரெக்கவரி ரொம்ப முக்கியம், புரிஞ்சுதா?"

"நீங்க தைரியமா போயிட்டு வாங்க டீச்சர். ரெக்கவரிய நான் பாத்துக்கறனுங்க" என்றீர்கள். நெஞ்சில் கை வைத்துச் சொன்னீர்கள்.

சொன்னபடியே செய்தீர்கள். மலை ஓட்டத்தை நிறுத்தினீர்கள். ராக்கெட்டை உறையில் போட்டு பீரோவின் மேல் வைத்தீர்கள். காலையும் மாலையும் ரெக்கவரி மட்டும். டயரைத் தொட்டு நடுவுக்கு, டயரைத் தொட்டு நடுவுக்கு. மலைக்கும் ஆட்டத்துக்கும் போன நேரமும் சேர்ந்து அதற்கே வந்தது. டீச்சர் சொன்ன சொல்லை ஒரு பருக்கை சிந்தாமல் காப்பாற்றினீர்கள்.

ஒரு மாலையில் அவள் நடுப் புள்ளியில் குனிந்து நின்றுவிட்டாள். "சித்தப்பா, நோவுதுங்க."

"நோவு எடுத்தாத்தான் பலம் ஏறுதுன்னு அர்த்தம் சாமி. நானும் டீச்சரும் சும்மாவா சொல்லுவம்? இன்னும் ஒண்ணு."

அவள் ஓடினாள். அதற்குப் பிறகு நோவு என்ற பேச்சையே எடுக்கவில்லை. குறைந்துவிட்டது என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மெட்ராஸ் ரயிலுக்குப் பை எல்லாம் கட்டியாகிவிட்டது. புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின காலையில், இடது பக்க டயரைத் தொட்டுத் திரும்பினவள் அப்படியே உட்கார்ந்தாள். விழவில்லை, உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. "எந்திரி சாமி" என்று நீங்கள் சொன்னபோது உங்களைப் பார்த்து, "முடியலீங்க சித்தப்பா. மன்னிச்சுக்குங்க" என்றாள்.

அவள் கேட்ட அந்த மன்னிப்பைத்தான் நீங்கள் கடைசி வரை தாங்க முடியாமல் கிடந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முன்னங்கால் எலும்பில் விரிசல் என்றார்கள். ஒரே அடியில் வந்ததில்லை, ஓயாமல் ஓடி ஓடி வந்த விரிசல் என்றார்கள். மாவுக்கட்டுப் போட்டார்கள். மெட்ராஸ் ரயில் போய்விட்டது.

டீச்சர் ஊரில் இருந்து திரும்பி நேரே நம் வீட்டுக்கு வந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். முற்றத்து டயர்களைப் பார்த்தார். நடந்ததை நீங்கள்தான் சொன்னீர்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு பட்டறைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, நான் சொன்னது ஓய்வு! காலை ஆற விடறதுக்கும் ரெக்கவரின்னுதான் பேர். ஓடுற அன்னைக்குப் பலம் வராதுங்க. ஆறுற அன்னைக்குத்தான் வரும். நான் தமிழ்ல சொல்லியிருக்கணும்."

நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "மலை ஏறி வந்த வண்டி சூடாயிருந்தா, ஆற உடாம ரேடியேட்டர் மூடியக் கூடத் தொட மாட்டனுங்க அண்ணி. இரும்ப ஆற உடத் தெரிஞ்ச எனக்கு எலும்ப ஆற உடத் தெரியலீங்களே."

மறுநாள் உங்கள் லாரியின் நெற்றியில் இருந்த 'ரெக்கவரி' என்ற எழுத்தின் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தீர்கள். டயர்களை எல்லாம் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டீர்கள். அதன் பிறகு மரகதம் இருக்கிற பக்கமே நீங்கள் வரவில்லை. சோற்றைப் பட்டறைக்கே கேட்டு அனுப்பினீர்கள்.

எனக்கும் அந்த நாட்களில் ஒன்று உறைத்தது. நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கடையில் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் பிரித்துப் பிரித்து எழுத்துக் கூட்டப் பழகினவள். தெரியாத வார்த்தை வந்தால் பக்கத்து வார்த்தையை வைத்து இதுவாக இருக்கும் என்று தாண்டிப் போய்விடுவேன். அதற்குப் பிறகு தாண்டுவதில்லை. கேட்டுவிடுகிறேன். கேட்கிற ஆள் சிரித்தாலும் கேட்டுவிடுகிறேன். இன்னொன்றும் யோசித்தேன். என் கணக்கில் வரவு, செலவு என்று இரண்டே பத்திதான். ஒன்றும் செய்யாமல் இருக்கிற நாள் எனக்கு எப்போதும் செலவுப் பத்திதான். அது வரவாகவும் இருக்கலாம் என்பது, தினமும் மாவாட்டி, இரவெல்லாம் சும்மா விட்டுப் பொங்க வைக்கிற எனக்கே அதுவரை தோன்றவில்லை.

கட்டுப் பிரித்தபோது கால் குச்சியாக இருந்தது. காலை ஊன்றவே பயந்தாள். டீச்சர் வந்து பழக்கினார். முதலில் உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும். பிறகு சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது. பிறகு அடி மேல் அடியாக மெல்ல நடப்பது. ஒரு நாள் செய்தால் மறுநாள் கண்டிப்பாக ஓய்வு. மரகதம் எல்லாவற்றையும் செய்தாள், ஆனால் மனசில்லாமல் செய்தாள். "சித்தப்பா எம்மேல கோவமா இருக்காங்களாம்மா?" என்று கேட்டாள். ரயிலை விட்டது தன் தப்பு என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தது. நீங்கள் பட்டறையில் இருந்துகொண்டு அவள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டீர்கள். இரண்டு பேரும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம்.

நான் முருகனுக்கு அடிப்பிரதட்சணம் வேண்டியிருந்தேன். அவள் கால் ஊன்றினால் பிராகாரத்தை அடிக்கு அடி வைத்துச் சுற்றுகிறேன் என்று. அவள் ஊன்றத் தொடங்கிய பிறகு வந்த வெள்ளிக்கிழமை, நான் கேட்டதற்காக உங்கள் லாரியில் எங்களைக் கோயிலுக்குக் கொண்டுவந்து விட்டீர்கள். விட்டுவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தீர்கள்.

நான் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்துச் சுற்ற ஆரம்பித்தேன். மரகதம் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "அம்மா, டீச்சர் சொல்லிக் குடுத்த நடையும் இதேதான். நானும் வாரேன்" என்றாள். பிறகு வாசலைப் பார்த்து, கோயில் என்றும் பார்க்காமல் கூப்பிட்டாள்: "சித்தப்பா! நீங்க வந்தாத்தான் நான் காலெடுத்து வெப்பேன்!"

குருக்கள் திரும்பிப் பார்த்தார். நீங்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலை குனிந்தபடி உள்ளே வந்தீர்கள். என்னிடம் வந்து மெதுவாக, "வேண்டுதல்ல பாதி எனக்குங்க அண்ணி" என்றீர்கள்.

நான் உங்கள் பாதத்தைப் பார்த்தேன். "நல்லா இருக்குதே! இந்தப் பாதத்துக்கு நாலு எட்டு வெச்சா கோயிலே முடிஞ்சு போகும். முருகன் ஒத்துக்குவாருங்களா?"

மரகதம் சிரித்தாள். விரிசல் விட்ட நாளில் இருந்து நம் வீட்டில் கேட்காத சிரிப்பு. நீங்களும் சிரிக்கப் பார்த்து, முடியாமல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள்.

நான் முன்னால், அவள் நடுவில், நீங்கள் பின்னால். கல் தரை சில்லென்று இருந்தது. அவள் ஒரு சுற்று வந்ததும், "இன்னும் ஒண்ணு" என்றாள், உங்கள் குரலிலேயே. நீங்கள் அவள் தோளைப் பிடித்துத் தூணடியில் உட்கார வைத்தீர்கள். "போதும் சாமி" என்றீர்கள். உங்கள் வாயில் அந்த வார்த்தையை நான் அன்றுதான் கேட்டேன்.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவைதான். மறு வருஷம் அவள் கோர்ட்டில் இறங்கினாள். ஜெயித்தாள், தோற்றாள். கல்லூரிக்காக ஆடினாள். நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்தாள். மெட்ராஸ் வாசல் மட்டும் மறுபடி திறக்கவில்லை. அந்த வயசுக்குள் ஒரு முறைதான் கிடைக்கிற இடம் அது. அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் நீங்கள் பட்டறை வாசலில் நின்று அவள் நடையைப் பார்ப்பீர்கள். மழை நாள் என்றால் இன்னும் உற்றுப் பார்ப்பீர்கள். அவள் உங்களைக் கண்டதும் வேண்டுமென்றே நாலு எட்டு ஓடி வருவாள். நீங்கள் மூச்சு விடுவீர்கள். அவள் உள்ளே போன பிறகு என்னிடம், "நோவு இன்னும் இருக்குதுங்களா அண்ணி? நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்பீர்கள். "அதான் ஓடறாளே தம்பி" என்பேன். நான் அவளிடம் கேட்டதில்லை.

போன வருஷம் அந்த மத்தியானம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டறைப் பலகையில் உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது. நானும் சொன்னேன். "நான் என்னுங்க பந்தா ஆடறேன்?" என்று சிரித்தீர்கள்.

மரகதம் நாமக்கல்லில் இருந்து பஸ் பிடித்து வந்தாள். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்தவள் அழவில்லை. தூக்குகிற நேரம் வந்தது. நம் வழக்கப்படி பெண்கள் எல்லாரும் முச்சந்தி வரை போய் நின்றோம். அதற்கு மேல் ஆண்கள்தான். நாங்கள் திரும்ப, அவள் திரும்பவில்லை. பாடைக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தாள்.

பங்காளி முறையில் ஒரு பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். "பொம்பளைங்க இதோட நிக்கோணும் சாமி. ஊட்டுக்குப் போ."

"என்னைய நிக்கச் சொல்லிப் பழக்குனவங்க இல்லீங்க அவங்க" என்றாள். "கடைசி வரைக்கும் வாரேன்."

உங்கள் அண்ணன் திரும்பிப் பார்த்தார். "உடுங்க. வரட்டும்" என்றார். பெரியவர் கையை இறக்கினார். வெயில் கொளுத்திய தார் ரோட்டில், செருப்பில்லாமல், அவள் நடை ஒரு இடத்திலும் தளரவில்லை. வளைவில் மறைகிற வரை நான் முச்சந்தியிலேயே நின்று பார்த்தேன்.

திரும்பி வந்தபோது வாசலில் கால் கழுவத் தண்ணீர் வைத்திருந்தேன். சொம்பை அவளிடம் கொடுக்காமல் நானே ஊற்றினேன். பெற்றவள் மகள் காலைத் தொடக் கூடாது என்பார்கள். குனிந்து தொட்டேன். முழங்காலுக்குக் கீழே, எலும்பு ஒட்டின இடத்தில் ஒரு சின்ன மேடு கைக்குத் தட்டுப்பட்டது. நீங்கள் கேட்கச் சொன்னதை அப்போதுதான் கேட்டேன்.

"இன்னும் நோவுதா சாமி?"

அவள் சொன்னாள்: "நோவும்மா. எப்பவும் நோவும். சித்தப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அவங்களப் பாத்தா ஓடி வருவேன்."

இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டியிருந்தது, தம்பி. மறைக்கலாமா என்று பல நாள் யோசித்தேன். அவள் மறைத்தது நீங்கள் உயிரோடு இருந்தவரைக்கும்தான். இனி அதற்கு வேலை இல்லை. நோவு இருக்கிறது. நீங்கள் பயந்தபடியேதான் இருக்கிறது. அந்த நோவோடுதான் அவள் உங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

ஒன்றில் இருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்து மிச்சம் எழுதுகிறவள் நான். உங்களால் வந்த நோவு ஒன்று, அந்தக் காலோடு உங்களுக்காக அவள் நடந்த நடை ஒன்று, இந்த இரண்டில் எதில் இருந்து எதைக் கழிக்க? தெரியவில்லை. தெரிந்தாலும் கழிக்க மாட்டேன். இரண்டையும் அப்படி அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி